சொல்லப்படாத வலிக்குச் சான்று எது? பச்சிளங்குழந்தைகளின் வலி அளவீட்டு வரலாறு

1985ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஜெஃப்ரி லாசன் என்ற குழந்தை மிகக் குறைமாதத்தில் பிறந்தது. இதயத்தை ஒட்டிய இரு பெருங்குழாய்களை இணைக்கும் நாளம் பிறந்த சில நாள்களில் தானே மூடிக்கொள்ள வேண்டும். அக்குழந்தைக்கு அது மூடவில்லை. மார்பைத் திறந்து அந்த நாளத்தைக் கட்ட வேண்டியதாயிற்று. அறுவையின்போது குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது தசைகளை முடக்கும் பான்குரோனியம் என்ற மருந்து மட்டுமே. அது அசைவை நிறுத்தும், உணர்வை நிறுத்தாது. மயக்க மருந்தோ வலி நீக்கியோ தரப்படவில்லை. ஐந்து வாரங்களுக்குப் பின் குழந்தை இறந்தது.

மருத்துவக் குறிப்புகளைப் பின்னர் படித்தபோதுதான் தாய் ஜில் லாசனுக்கு இது தெரியவந்தது. அவர் விளக்கம் கேட்டார். குறைமாதக் குழந்தைகளுக்கு வலி உண்டென்று இதுவரை எவரும் மெய்ப்பிக்கவில்லை என்பதே அவருக்குக் கிடைத்த விடையின் சாரம். அவர் எழுதிய கடிதங்களும், 1986 ஆகஸ்டில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் வந்த கட்டுரையும் இச்செய்தியைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தன. நடந்தது ஒரு தனி மருத்துவரின் பிழையன்று. அன்றைய வழக்கமே அதுதான் என்பது அதன்பின் தெளிவாயிற்று.

அந்த விடையில் வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டிய சொல் 'மெய்ப்பிக்கவில்லை' என்பது. பேச இயலாத ஓர் உயிரின் வலிக்கு எது மெய்ப்பு? அதைத் தர வேண்டியவர் யார்? மெய்ப்பு கிடைக்கும்வரை வலி உண்டென்று கொள்வதா, இல்லையென்று கொள்வதா? பச்சிளங்குழந்தைகளின் வலியைப் புறவயமாக அளக்கும் முயற்சியின் வரலாறு இம்மூன்று வினாக்களுக்கும் காலந்தோறும் தரப்பட்ட விடைகளின் வரலாறாகும். குழந்தை காட்டும் அடையாளங்கள் ஏறத்தாழ மாறவில்லை. அவற்றைச் சான்றாக ஏற்பதா என்பதில்தான் மாற்றங்கள் நிகழ்ந்தன.

பழைய நூல்களின் கண்

இந்திய மருத்துவ மரபில் இவ்வினா மிகப் பழையது. குழந்தை மருத்துவத்தைத் தனித்துறையாகக் கொண்ட காசியப சம்ஹிதையில் வேதனையைப் பற்றியே ஓர் அத்தியாயம் உண்டு. நெடுங்காலம் வழக்கிழந்திருந்த இந்நூல், நேபாளத்தில் கிடைத்த சுவடியைக் கொண்டு 1938இல் அச்சேறியது. பேசாத குழந்தைகளின் வேதனையை அறிவது எப்படி என்ற கேள்விக்கு விடையாக அவ்வத்தியாயம் அமைந்துள்ளது. தலைவலி உள்ள குழந்தை தலையை உருட்டும், கண்களை மூடிக்கொள்ளும், இரவில் முனகும், உறங்காது; காதுவலி உள்ள குழந்தை கைகளால் காதைத் தொடும், தலையை மிகவும் அசைக்கும்; வாய்நோய் உள்ள குழந்தைக்கு எச்சில் பெருகும், முலைப்பாலை வெறுக்கும்; வயிற்றுவலி உள்ள குழந்தை பாலை விட்டு அழும், வயிறு விறைக்கும், முகம் வியர்க்கும் என உறுப்புவாரியாக அடையாளங்கள் அடுக்கப்படுகின்றன.

சுசுருத சம்ஹிதையின் சாரீரஸ்தானம், வலிக்கும் இடத்தைக் குழந்தை மீண்டும் மீண்டும் தொடும் என்றும், பிறர் அவ்விடத்தைத் தொட்டால் அழும் என்றும் கூறுகிறது. அழுகை எத்தகையது என்பதைக் கொண்டு வலி எத்தகையது என்பதை உணர வேண்டும் என்பது வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் தரும் அறிவுரை.

இன்றைய அளவுகோல்களை அன்றே கண்டுவிட்டார்கள் என்று இதைக் கொண்டு பெருமை பேசுவது பொருந்தாது. இந்நூல்களில் எண் இல்லை, ஒப்பீடு இல்லை, இரண்டு மருத்துவர் ஒரே குழந்தையைப் பார்த்து ஒரே முடிவுக்கு வருவார்களா என்ற ஐயம் இல்லை. அவற்றின் நோக்கம் நோய் எங்கே உள்ளது என்று கண்டறிவது. ஆயினும் ஒன்று தெளிவு. குழந்தைக்கு வலி உண்டா என்ற கேள்வியையே அவை எழுப்பவில்லை. வலி உண்டு என்பது தொடக்கம்; அதைப் படிப்பது எப்படி என்பதே ஆராய்ச்சி. அந்தத் தொடக்கம் பிற்காலத்தில் எவ்வாறு நழுவியது என்பதே விளக்கப்பட வேண்டியது.

தந்தையின் குறிப்பேடும் ஆய்வுக்கூடத்தின் ஊசியும்

சார்லஸ் டார்வினின் மூத்த மகன் வில்லியம் 1839 டிசம்பரில் பிறந்தான். அவன் பிறந்த நாள் முதல் டார்வின் குறிப்பெடுத்தார். அக்குறிப்புகளின் ஒரு பகுதி 1877இல் 'மைண்ட்' என்ற இதழில் கட்டுரையாக வந்தது. அதற்கு முன்பே, 1872இல் வெளியான உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய நூலில், அலறும் குழந்தையின் முகத்தை அவர் நுணுக்கமாக வருணித்திருந்தார். புருவங்கள் தாழ்ந்து சுருங்குகின்றன. கண்கள் இறுக மூடுகின்றன. மூக்கின் ஓரத்திலிருந்து வாயோரம்வரை மடிப்பு ஆழமாகிறது. வாய் சதுரம்போல் விரிகிறது. தம் குழந்தைகளுள் ஒன்றின் திறந்த கண்ணில் மேலங்கியின் கைவிளிம்பு தற்செயலாக உரசியதையும் அவர் பதிவு செய்கிறார். குழந்தைக்கு அப்போது 77 நாள். உரசிய கண்ணில் நீர் பெருகியது. குழந்தை வீறிட்டு அலறியும் மற்றக் கண் ஏறத்தாழ வறண்டே இருந்தது. மிகச் சிறிய குழந்தையின் துயருக்குக் கண்ணீர் நம்பத்தக்க அடையாளம் அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

டார்வின் வீட்டில் கண்டார். அடுத்த தலைமுறை ஆய்வுக்கூடத்தில் காண விரும்பியது. ஆஸ்திரிய மருத்துவர் சில்வியோ கனெஸ்திரினி 1913இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்த குழந்தைகளின் மூச்சையும் உச்சிக்குழியின் துடிப்பையும் கருவி மூலம் பதிவு செய்து, ஒலி, ஒளி, தொடுகை முதலியவற்றுக்கு அவை எவ்வாறு மாறுகின்றன என்று பார்த்தார். 1920களில் அமெரிக்காவில் மேண்டல் ஷெர்மனும் ஐரீன் ஷெர்மனும் பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தைகளை ஊசியால் குத்தி, எத்தனை குத்துக்குப் பின் குழந்தை எதிர்வினை காட்டுகிறது என்று எண்ணினர். மணிகள் கூடக் கூடத் தேவைப்படும் குத்துகள் குறைந்தன.

மேண்டல் ஷெர்மன் 1927இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இன்னும் ஆழமானது. பசி, பிடித்து அடக்குதல், திடீரெனக் கீழே தாழ்த்துதல், ஊசிக்குத்து ஆகியவற்றுக்கு உள்ளான குழந்தைகளின் அசைபடங்களைப் பார்வையாளர்களுக்குக் காட்டினார். குழந்தைக்கு என்ன செய்யப்பட்டது என்பது மறைக்கப்பட்டபோது, அது எந்த உணர்ச்சியில் உள்ளது என்பதில் பார்வையாளர்கள் ஒத்த கருத்துக்கு வரவில்லை. குழந்தையின் முகத்தில் கண்டதாக அவர்கள் நினைத்ததன் பெரும்பகுதி, சூழலை முன்னரே அறிந்திருந்ததால் வந்தது. முகத்தைக் கொண்டு வலியை அளக்கும் எந்தக் கருவியும் விடை சொல்லியாக வேண்டிய கேள்வி இது. ஆனால் அக்காலம் அதிலிருந்து வேறு முடிவை எடுத்துக்கொண்டது. தாயும் செவிலியும் சொல்வது அவர்களுடைய கற்பனை. ஆகவே சான்றாகாது என்பதே அம்முடிவு.

மறுப்பு அறிவியலானது எப்படி

இம்முடிவுக்கு நரம்பியல் துணை நின்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லைப்சிக் நகரில் பவுல் ஃபிளெக்சிக், நரம்பிழைகளின் மேல் மயலின் உறை எந்த வரிசையில் உருவாகிறது என்று ஆராய்ந்தார். பிறப்பின்போது பெருமூளைப் புறணியின் பெரும்பகுதியில் அவ்வுறை முழுமை பெற்றிருக்கவில்லை. உறை இல்லாத நரம்பு வேலை செய்யாது. புறணி வேலை செய்யாவிட்டால் உணர்வு இல்லை. ஆகவே பிறந்த குழந்தை காட்டுவதெல்லாம் வெறும் அனிச்சைச் செயல் என்ற தருக்கம் பாடநூல்களில் இடம்பெற்றது.

1941இல் நியூயார்க்கைச் சேர்ந்த மர்ட்டில் மெக்ரா 75 குழந்தைகளிடம் ஊசிமுனைத் தொடுகைக்கு ஏற்படும் எதிர்வினை வயதோடு எவ்வாறு மாறுகிறது என்பதைத் தொடர்ந்து ஆராய்ந்து வெளியிட்டார். பிறந்த சில நாள்களில் சில குழந்தைகள் எதிர்வினை காட்டவில்லை. காட்டியவை உடல் முழுவதும் பரவிய அசைவையும் அழுகையையும் காட்டின. குத்திய இடத்தை நோக்கிக் கை செல்லவில்லை. முதல் ஒரு வாரம், பத்து நாள் உணர்வுத்திறன் குன்றியிருக்கிறது என்றும், இவ்வெதிர்வினைகள் புறணிக்குக் கீழான நிலையில் எழுகின்றன என்றும் அவர் விளக்கினார். அவருடைய அக்கறை நரம்பு முதிர்ச்சியில் இருந்தது. அறுவை மேசையில் அன்று. ஆயினும் அடுத்த நாற்பதாண்டுகள் அக்கட்டுரை, குழந்தைக்கு வலி இல்லை என்பதற்கான மேற்கோளாகவே பயன்பட்டது.

எலிசா ராட்கியும் ரெபேக்கா பிள்ளை ரிடெல்லும் 2013இல் வெளியிட்ட வரலாற்று ஆய்வு இந்தத் தொடக்ககாலச் சோதனைகளை மறுவாசிப்புச் செய்தது. பிரசவத்தின்போது தாய்க்குக் கொடுக்கப்பட்ட மயக்க மருந்துகள் குழந்தையையும் மந்தமாக்கியிருக்கலாம். குழந்தை உறங்குகிறதா விழித்திருக்கிறதா என்பது போதிய அளவு கணக்கில் வரவில்லை. எதிர்வினையின்மை உணர்வின்மையாகவே கொள்ளப்பட்டது. குழந்தை அழுதால் அது அனிச்சை. அழாவிட்டால் அது உணர்வின்மை. எந்த விளைவு வந்தாலும் ஒரே முடிவுக்கு இட்டுச்செல்லும் சோதனை எதையும் சோதிப்பதில்லை.

மருத்துவர்களைக் கொடியவர்களாகச் சித்திரிப்பது வரலாறாகாது. மயக்க மருந்து பச்சிளங்குழந்தையின் மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் எளிதில் வீழ்த்தியது. மேசையிலேயே குழந்தைகள் இறந்தன. 1942இல் மான்ட்ரியாலில் ஹெரால்ட் கிரிஃபித்தும் ஈனிட் ஜான்சனும் க்யூராரே என்ற தசை முடக்கியை மயக்கவியலுக்குள் கொண்டுவந்தனர். 1940களின் பிற்பகுதியில் லிவர்பூலில், ஆழ்ந்த மயக்கத்துக்குப் பதிலாக நைட்ரஸ் ஆக்சைடும் க்யூராரேயும் சேர்ந்த முறை வளர்ந்தது. மிகச் சிறிய குழந்தைகளுக்கு இது பாதுகாப்பான வழியாகத் தோன்றியது. சில இடங்களில் நைட்ரஸ் ஆக்சைடும் கைவிடப்பட்டுத் தசை முடக்கி மட்டுமே எஞ்சியது. குழந்தைக்கு வலி இல்லை என்ற அறிவியல் கூற்று, வேறு வழியற்ற மருத்துவரின் மனச்சான்றுக்கு ஆறுதலாகவும் இருந்தது. தசை முடங்கிய குழந்தை அழுவதில்லை, முகம் சுளிப்பதில்லை, கால் உதறுவதில்லை. காசியபர் முதல் டார்வின் வரை படித்த அடையாளங்கள் அனைத்தும் அறுவை மேசையில் வேதியியல் முறையில் அழிக்கப்பட்டன.

இரத்தம் சொன்ன சாட்சி

இந்நிலையை மாற்றிய ஆய்வு ஓர் இந்தியருடையது. கன்வல்ஜீத் சிங் ஆனந்த் இந்தூர் மகாத்மா காந்தி நினைவு மருத்துவக் கல்லூரியில் படித்து, ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்போர்டு சென்றவர். அங்கே ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் பணியாற்றியபோது, நல்ல நிலையில் அறுவைக்குச் சென்ற குழந்தைகள் நிலைகுலைந்து திரும்புவதைக் கண்டார். அறுவைக்கூடத்தில் நிகழ்வது என்ன என்ற கேள்வி அங்கிருந்து எழுந்தது.

வெளியடையாளங்கள் முடக்கப்பட்ட குழந்தையிடம் ஆனந்தும் அவருடைய குழுவினரும் உள்ளடையாளத்தைத் தேடினர். அட்ரினலின், நார்அட்ரினலின், குளுக்ககான், குளுக்கோஸ், லாக்டேட் முதலியவை இரத்தத்தில் எவ்வளவு உயர்கின்றன என்று அளந்தனர். 1987 ஜனவரியில் லான்செட் இதழில் வெளியான அவர்களுடைய சோதனையில் 16 குறைமாதக் குழந்தைகள் இடம்பெற்றன. ஜெஃப்ரி லாசனுக்குச் செய்யப்பட்ட அதே நாளக்கட்டு அறுவைதான் அவற்றுக்கும் செய்யப்பட்டது. அனைத்துக்கும் நைட்ரஸ் ஆக்சைடும் தசை முடக்கியும் தரப்பட்டன. குலுக்கல் முறையில் தேர்ந்த 8 குழந்தைகளுக்கு மட்டும் ஃபென்டனில் என்ற வலுவான வலி நீக்கி கூடுதலாகத் தரப்பட்டது. ஃபென்டனில் பெறாத குழந்தைகளிடம் அழுத்த ஹார்மோன்கள் பெரிதும் உயர்ந்தன. அறுவைக்குப் பிந்தைய இரத்த ஓட்ட, வளர்சிதைமாற்றச் சிக்கல்களும் கூடுதலாக இருந்தன. அந்த எட்டுக் குழந்தைகளும் பெற்றது அன்றைய வழக்கமான சிகிச்சையையே. சோதனைக்காக அவற்றிடமிருந்து எதுவும் பறிக்கப்படவில்லை. ஒப்பீட்டுக் குழு என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு காலகட்டத்தின் ஒழுக்கம் நிற்கிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அதே ஆண்டு நவம்பரில் ஆனந்தும் பால் ஹிக்கியும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் விரிவான மீளாய்வொன்றை வெளியிட்டனர். மயலின் வாதத்தின் அடித்தளத்தையே அது கேள்விக்கு உட்படுத்தியது. வளர்ந்தவர்களிடம்கூட வலியின் பெரும்பகுதியைக் கடத்துவன மயலின் உறையற்ற அல்லது மெல்லிய உறையுள்ள நரம்பிழைகளே. உறையின்மை வேகத்தைக் குறைக்கும், கடத்தலை நிறுத்தாது, குழந்தையின் உடலில் கடக்க வேண்டிய தொலைவும் குறைவு. 1992இல் இதய அறுவைக்கு உள்ளான 45 பச்சிளங்குழந்தைகளைப் பற்றிய அவர்களுடைய மற்றோர் ஆய்வு வந்தது. ஆழ்ந்த வலிநீக்கம் பெற்ற 30 குழந்தைகளில் எதுவும் இறக்கவில்லை. இலேசான மயக்கம் பெற்ற 15இல் 4 இறந்தன. சிறிய ஆய்வுதான். ஆனால் மயக்கம் ஆபத்து, வலி ஆபத்தன்று என்ற பழைய கணக்கு தலைகீழானது.

1987இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், பச்சிளங்குழந்தை என்பதற்காக மட்டும் மயக்க மருந்தை மறுக்கக் கூடாது என்ற கருத்தில் அறிக்கை வெளியிட்டது. இங்கே ஒரு முரண் உண்டு. ஹார்மோன் உயர்வு காட்டுவது உடலின் அழுத்தத்தை; வலியை அன்று என்று தருக்க முறையில் வாதிடலாம். தாயின் சொல்லும் குழந்தையின் அழுகையும் பெறாத மதிப்பை ஒரு சோதனைக்குழாய் பெற்றது.

முகத்துக்குத் திரும்புதல்

ஒவ்வொரு குதிகால் குத்துக்கும் ஹார்மோனை அளக்க முடியாது. அதற்கே இன்னொரு குத்து வேண்டும். வார்டில் நிற்கும் செவிலியருக்குக் கண்ணால் படிக்கும் கருவி தேவைப்பட்டது. அழுகையொலியை வரைபடமாக்கும் முயற்சி முன்னரே நடந்திருந்தது. 1960களில் பின்லாந்து, சுவீடன் ஆய்வாளர்கள் பிறப்பழுகை, பசியழுகை, வலியழுகை ஆகியவற்றின் ஒலிநிரல்களைப் பிரித்துக் காட்ட முயன்று 1968இல் நூலாக வெளியிட்டனர். ஆனால் மூச்சுக்குழாயில் குழல் செருகப்பட்ட குழந்தைக்கு அழுகையொலியே இல்லை.

வான்கூவரில் ரூத் குருனாவும் கென்னத் கிரெய்கும் 1987இல் முகத்துக்குத் திரும்பினர். பால் எக்மனும் வாலஸ் ஃபிரீசனும் 1978இல் வளர்ந்தவர்களின் முகத்தசை அசைவுகளுக்கு உருவாக்கிய குறியீட்டு முறையே அவர்களுக்கு முன்மாதிரி. 'வலியால் துடிக்கிறது' என்று எழுதாமல், புருவம் புடைக்கிறதா, கண் இறுக மூடுகிறதா, மூக்கோர மடிப்பு ஆழ்கிறதா, வாய் நீள்கிறதா, நாக்கு விறைக்கிறதா, மோவாய் நடுங்குகிறதா என்று ஒளிப்பதிவை மெதுவாக ஓட்டித் தனித்தனியாகக் குறித்தனர். டார்வின் வருணித்த அதே முகம். ஷெர்மனின் கேள்விக்கும் இதில் விடை இருந்தது. பார்வையாளர் உணர்ச்சியை ஊகிக்க வேண்டியதில்லை. தசையைப் பார்த்தால் போதும். விழித்து அமைதியாக இருக்கும் குழந்தையின் முகம் மிகுதியாக எதிர்வினை காட்டியது, ஆழ்ந்து உறங்கும் குழந்தையின் முகம் குறைவாகக் காட்டியது என்பதும் இவ்வாய்வில் வெளிப்பட்டது.

1990கள் அளவுகோல்களின் காலம். 1993இல் ஒட்டாவாவில் உருவான நிப்ஸ், 1995இல் மிசூரியில் உருவான கிரைஸ், 1997இல் மிச்சிகனில் உருவான ஃப்ளாக் ஆகியவை இன்றும் பயன்பாட்டில் உள்ளன. பிறந்த குழந்தையின் உடல்நிலைக்கு வர்ஜீனியா ஆப்கார் 1953இல் வெளியிட்ட, பத்துக்கு இத்தனை என்ற மதிப்பெண் முறையின் சாயல் பின்னிரண்டிலும் தெரியும். ஃப்ளாக் அளவுகோலின் ஐந்து கூறுகள் முகம், கால், அசைவு, அழுகை, தேற்றத்தக்க நிலை. இறுதிக் கூறு கவனத்துக்குரியது. தூக்கி அணைத்தால் குழந்தை தேறுகிறதா என்பதற்கு மதிப்பெண் தர வேண்டுமானால், யாரேனும் குழந்தையைத் தூக்கி அணைத்தாக வேண்டும்.

இவற்றுள் மிகுதியாகச் சிந்திக்க வைப்பது, 1996இல் கனடாவின் போனி ஸ்டீவன்ஸ், செலஸ்ட் ஜான்ஸ்டன் முதலியோர் வெளியிட்ட 'பிப்' என்ற குறைமாதக் குழந்தை வலி அளவுகோல். இதயத்துடிப்பு, இரத்த ஆக்சிஜன், புருவப் புடைப்பு, கண் இறுக்கம், மூக்கோர மடிப்பு ஆகிய ஐந்தோடு, கருவுற்ற காலமும் விழிப்பு நிலையும் சேர்ந்து ஏழு கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 21. 36 வாரம் நிறைந்த குழந்தைக்கு வயதுக்கான மதிப்பெண் 0. 28 வாரத்துக்கும் குறைந்த குழந்தைக்கு 3. ஆழ்ந்து உறங்கும் குழந்தைக்கும் 3. மிகச் சிறிய குழந்தையின் முகத்தசைக்கு வலியைக் காட்டும் வலு குறைவு. ஆகவே காட்ட முடியாததற்கு ஈடாக அதற்கு மதிப்பெண் கூட்டப்படுகிறது. 1941இல் எதிர்வினையின்மை உணர்வின்மையாகப் படிக்கப்பட்டது. 1996இல் அதே எதிர்வினையின்மை, இயலாமையாகப் படிக்கப்பட்டு எண்ணாக மாறியது. இந்த 3 மதிப்பெண்ணைக் குழந்தையின் முகத்திலோ இரத்தத்திலோ தேடிக் காண முடியாது. ஐயம் எழும்போது எந்தப் பக்கம் சாய்வது என்று ஆய்வாளர்கள் எடுத்த முடிவு அது. 2014இல் திருத்தப்பட்டபோது, மற்ற அடையாளங்களில் ஏதேனும் மாற்றம் தெரிந்தால் மட்டுமே இந்த ஈட்டு மதிப்பெண் சேர வேண்டும் என்று வரையறுக்கப்பட்டது.

எண்ணின் எல்லை

இந்த ஈடும் போதவில்லை என்பதை ஜான்ஸ்டனும் ஸ்டீவன்ஸும் 1996இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு காட்டியது. ஒரே வளர்ச்சி வயதுடைய இரு தொகுதிக் குழந்தைகளை அவர்கள் ஒப்பிட்டனர். ஒன்று அண்மையில் பிறந்தது. மற்றது நான்கு வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் கழித்தது. குதிகால் குத்துக்கு இரண்டாம் தொகுதியின் முக எதிர்வினை குறைவாக இருந்தது. அதுவரை எத்தனை முறை குத்தப்பட்டது என்பதே அவ்வேறுபாட்டோடு மிகுதியாகத் தொடர்புகொண்டிருந்தது. அதிகம் துன்பப்பட்ட குழந்தை குறைந்த மதிப்பெண் பெறுகிறது. மறுபுறம், லண்டனில் மரியா ஃபிட்ஸ்ஜெரால்டின் குழுவினர் 1980களின் இறுதியில், மீண்டும் மீண்டும் குத்தப்பட்ட குதிகாலில் கால் இழுப்பு அனிச்சை எளிதில் தூண்டப்படுவதையும், மரத்துப்போகச் செய்யும் களிம்பு அதைத் தணிப்பதையும் காட்டியிருந்தனர். முகம் அடங்கிவிட்டது, நரம்பு அடங்கவில்லை.

21ஆம் நூற்றாண்டில் ஆய்வு மூளையை நோக்கி நகர்ந்தது. 2006இல் லண்டனிலும் சுவீடனிலும் இருவேறு குழுக்கள், குத்தப்பட்ட குறைமாதக் குழந்தைகளின் புறணியில் இரத்த ஓட்டம் மாறுவதை அகச்சிவப்பு ஒளியால் பதிவு செய்தன. 2015இல் ஆக்ஸ்போர்டு குழு, வளர்ந்தவர்களிடம் வலியின்போது செயற்படும் 20 மூளைப்பகுதிகளில் 18 பிறந்த குழந்தைகளிடமும் செயற்படுவதைக் காந்த அதிர்வுப் படத்தில் கண்டது. ஃபிளெக்சிக்கின் காலத்துத் தருக்கத்துக்கு இங்கே நேரடி விடை கிடைத்தது.

ஆனால் மூளையும் இறுதித் தீர்ப்பை வழங்கவில்லை. குதிகால் குத்துக்கு முன் நாவில் சர்க்கரைக் கரைசல் வைப்பது உலகெங்கும் பரவிய வழக்கம். பிப் மதிப்பெண் அதனால் குறைகிறது. 2010இல் ரெபேக்கா ஸ்லேட்டர் குழுவினர் லான்செட்டில் வெளியிட்ட 59 குழந்தைகளின் ஆய்வில், சர்க்கரை பெற்ற குழந்தைகளின் முக மதிப்பெண் குறைந்தது. மூளையில் பதிவான மின்னலை குறையவில்லை. சர்க்கரை வலியை நீக்குகிறதா, வலியின் வெளிப்பாட்டை மட்டும் அடக்குகிறதா? பான்குரோனியம் எழுப்பிய கேள்வி இனிப்பின் வடிவில் மீண்டும் வந்தது. மின்னலை மட்டுமே வலியாகிவிடாது, இனிப்பு வலியின் துன்பக் கூறைத் தணித்திருக்கலாம் என்ற மறுப்பும் வலுவானதே. விவாதம் முடியவில்லை.

இது வெறும் கோட்பாட்டுச் சிக்கல் அன்று. 2018இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் சோதனை, குறைமாதக் குழந்தைகளுக்குக் கண் பரிசோதனைக்கும் குதிகால் குத்துக்கும் முன் மார்ஃபின் கொடுத்துப் பார்த்தது. மூச்சுச் சிக்கல்கள் எழுந்ததால் சோதனை பாதியிலேயே நிறுத்தப்பட்டது. வலி குறைந்ததற்கான சான்றும் கிடைக்கவில்லை. வலியைக் குறைத்து மதிப்பிட்டால் குழந்தை துன்புறும். மிகுத்து மதிப்பிட்டால் மருந்தே கேடாகலாம். அளவுகோல் எவ்வளவு நம்பத்தக்கது என்பதில் குழந்தையின் உயிர் தங்கியுள்ளது.

சொல்லும் வரையறையும்

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வலி மருத்துவம் ஒரு பெரும் அறத்தை வகுத்துக்கொண்டது. வலி என்பது அதை அனுபவிப்பவர் சொல்வதே என்ற கருத்தை 1968இல் செவிலியர் மார்கோ மெக்காஃபரி முன்வைத்தார். நோயாளியின் சொல்லை நம்பு என்ற அந்த அறம் எண்ணற்றோருக்கு நீதி செய்தது. சொல்லற்றவரை அது வெளியே நிறுத்தியது. 1979இல் பன்னாட்டு வலி ஆய்வுக் கழகம் தந்த வரையறையின் குறிப்பும், வலி என்ற சொல்லை ஒவ்வொருவரும் இளம்பருவக் காயங்களின் வழியே கற்கிறார் என்றது. அப்படியானால் கற்பதற்கு முந்தைய வலி என்ன? ஆனந்தும் கிரெய்கும் 1996இல் இவ்வரையறையை மறுத்து எழுதினர். 2020இல் திருத்தப்பட்ட வரையறையின் குறிப்புகள், சொல்லால் விவரிப்பது வலியை வெளிப்படுத்தும் பல நடத்தைகளுள் ஒன்று மட்டுமே என்றும், சொல்ல இயலாமை வலியின்மை ஆகாது என்றும் தெளிவுபடுத்துகின்றன. இலத்தீனில் 'இன்ஃபன்ஸ்' என்றால் பேசாதது. ஆங்கிலத்தின் 'இன்ஃபன்ட்' அதிலிருந்து வந்தது. சொல்லைச் சான்றாகக் கொண்ட ஒரு துறை, பெயரிலேயே சொல்லற்றவர்களை ஏற்க ஏறத்தாழ நாற்பதாண்டுகள் எடுத்துக்கொண்டது.

இன்று முகத்தைப் படிக்கும் வேலை கணினியிடம் ஒப்படைக்கப்படுகிறது. இத்துறையின் தொடக்கத் தரவுத்தொகுப்புகளுள் ஒன்று, அமெரிக்காவில் 26 பிறந்த குழந்தைகளிடம் எடுக்கப்பட்ட 204 ஒளிப்படங்களால் ஆனது. அக்குழந்தைகள் அனைவரும் வெள்ளையர். அத்தகைய முகங்களில் பயின்ற நிரல் இந்தூரிலோ மதுரையிலோ பிறந்த குழந்தையின் புருவத்தை எவ்வாறு படிக்கும் என்பது சோதித்தறிய வேண்டியது. பார்வையாளரின் சார்பை நீக்க வந்த கருவி தன் தரவின் சார்பைச் சுமந்து வரலாம் என்பதை ஷெர்மனின் 1927ஆம் ஆண்டு எச்சரிக்கை நினைவூட்டுகிறது.

அளவுகோல்கள் பெருகின, பயன் எவ்வளவு? ரிக்கார்டோ கார்பஹால் தலைமையில் பாரிஸ் வட்டாரத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 430 பச்சிளங்குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. நடுமதிப்பாக ஒரு குழந்தைக்கு ஒரு நாளில் 10 வலிமிகு செயல்கள் நிகழ்ந்தன. அச்செயல்களில் ஏறத்தாழ 79 விழுக்காட்டுக்குக் குறிப்பான வலிநீக்கம் எதுவும் தரப்படவில்லை. குழந்தைக்கு வலி உண்டு என்று அனைவரும் ஒப்புக்கொண்டு இருபதாண்டுகள் கழிந்த நிலை இது. 1985இல் மெய்ப்பு இல்லை என்று காரணம் சொல்லப்பட்டது. 2008இல் அக்காரணம் இல்லை. பழக்கம் மட்டும் எஞ்சியிருந்தது.

இந்தியாவில் தேசியத் தடுப்பூசி அட்டவணையின்படி ஆறாம் வாரத்தில் ஒரே வருகையில் ஒரு குழந்தைக்கு மூன்று ஊசிகள் போடப்படுகின்றன. மாவட்ட மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் சர்க்கரை அளவு பார்ப்பதற்கான குதிகால் குத்து அன்றாட நிகழ்ச்சி. இவ்விடங்களில் மூளை மின்னலைக் கருவிக்கு வாய்ப்பில்லை. அது தேவையும் இல்லை. குத்தும்போது குழந்தை தாயிடம் பால் குடித்துக்கொண்டிருந்தால் அளவுகோல் மதிப்பெண் குறைகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. இன்குபேட்டர் பற்றாக்குறையால் 1978இல் பொகோட்டாவில் தொடங்கிய, குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்துவைக்கும் கங்காரு முறையும் குதிகால் குத்தின்போது மதிப்பெண்ணைக் குறைப்பதை ஜான்ஸ்டன் 2003இல் காட்டினார்.

சர்க்கரைக்கு எழுந்த ஐயம் இவற்றுக்கும் பொருந்தும். மதிப்பெண் குறைந்தது வலி குறைந்ததற்கு முழுச் சான்று ஆகாது. ஆனால் அந்த ஐயம் தீரும்வரை குழந்தையைத் தாயின் மடியிலிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்று எந்தத் தருக்கமும் கோரவில்லை. நூறாண்டு அறிவியல் ஐயத்தின் பலனைக் குழந்தைக்கு எதிராகவே கணக்கிட்டு வந்தது. பிப் அளவுகோலின் அந்த மூன்று மதிப்பெண் அதைக் குழந்தையின் பக்கம் மாற்றி எழுதியது. வார்டில் அது எழுதப்படுவது, ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன் தாயை அருகே அழைக்கும் செவிலியரால்.